சூட்டால் வளைவை அறியலாம்

கணித மேதை என்றதும் நமக்கெல்லாம் இராமானுஜன் பெயர்தான் வாயில் வரும். தப்பில்லை. ஆனால் நண்பர்களே, உலகக் கணித நூல்களில் நிலைத்துவிட்ட இன்னொரு தமிழ்ப் பெயர் சுப்பராமையா மீனாட்சிசுந்தரம்.

1913-ல் திருச்சூரில் பிறந்து சென்னையில் படித்தவர். லயோலா கல்லூரிப் பேராசிரியரான பிரெஞ்சுப் பாதிரியார் ராசின் அவருக்கு உற்ற துணை. 1940-ல் சென்னைப் பல்கலைக்கழக டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். அவ்வளவு பெரிய பட்டம் வாங்கியும் வேலை கிடைக்கல! பரீட்சைக்குப் போகும் பையன்களுக்கு டியூஷன் எடுத்துத்தான் பிழைப்பு ஓடியது. எங்க குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். படிச்சா வேலை என்று நம்பி அனுப்பிய அப்பாவிடம் இந்தக் கதையை இன்னும் சொல்லவில்லை. அப்புறம் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

1946-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். ஸ்வீடன் நாட்டு ப்ளெய்ஜெலுடன் சேர்ந்து 1949-ல் எழுதிய கட்டுரைதான் அவர் பேரை நிறுத்தியது.

விஷயம் இதுதான். ஒரு மெல்லிய தகட்டில் ஒரு புள்ளியைச் சூடாக்குங்கள். சூடு காற்றில் போகாமல் தகட்டிலேயே பரவுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நொடிக்கும் குறைவான நேரம் கழித்து அந்தப் புள்ளியில் மிச்சம் எவ்வளவு? தட்டையான தகட்டைவிட பந்து போன்ற தகட்டில் கொஞ்சம் அதிகம் தங்கும். குதிரைச் சேணம் போல வளைந்திருந்தால் கொஞ்சம் குறையும். இந்த மிச்சத்தை நேரத்தின் அடுக்குகளாக, உறுப்பு உறுப்பாக விரித்து எழுதலாம் என்று இருவரும் காட்டினார்கள். பரப்பு முழுக்கக் கூட்டினால் முதல் உறுப்பு பரப்பளவு. அடுத்தது வளைவு என்பதை 1967-ல் மெக்கீனும் சிங்கரும் விளக்கினார்கள். வெர்னியர் வேண்டாம், ஸ்கேல் வேண்டாம், சூடே அளவுகோல்! கொதிகலனும் டர்பைனும் பார்த்து வளர்ந்த நெய்வேலிக்காரனுக்கு சூடு என்றால் கரண்டுதான். அது வடிவத்தையும் சொல்லும் என்பது எனக்குப் புதுசு.

மீனாட்சிசுந்தரம் 1968-ல், 54 வயதிலேயே காலமானார்.

அவர்கள் எடுத்துக்கொண்டது வழுவழுப்பான பரப்பு. முனையும் மடிப்பும் உள்ள இடத்தில் வகைக்கெழுவே கிடையாது, அப்போ வளைவை எப்படிக் கணக்கிடுவது? பின்னால் வந்தவர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். சூடு எப்படிப் பரவுகிறது என்று முதலில் பார், வளைவுக்கு இலக்கணத்தை அதிலிருந்தே எடு என்றார்கள். கரடுமுரடான வெளிகளில் இன்று அந்த வழியிலும் ஆராய்ச்சி நடக்கிறது.