கல்யாணி சந்நிதியில் இருந்து பொட்டல்புதூருக்கு...

வெள்ளிக்கிழமை. வாசலில் மாக்கோலம் போட்டு, குத்துவிளக்கேற்றி, அம்பாளுக்குப் பாயசம் நைவேத்தியம் செய்துவிட்டு நிமிர்கிறீர்கள். அழைப்பு மணி அடிக்கிறது. பக்கத்து ஃப்ளாட் பெண்மணி, தூக்கு நிறைய ரம்ஜான் நோன்புக் கஞ்சியோடு நிற்கிறார். சிரித்த முகத்துடன் வாங்கிக்கொள்கிறீர்கள். டிசம்பர் மாதம் எதிர்வீட்டில் இருந்து கேக் வரும்போதும் அப்படித்தான். ஆனாலும், உள்ளே எடுத்துப் போகும்போது மனசில் சின்னதாக ஓர் உறுத்தல். இதைச் சாப்பிட்டால் விரதத்துக்கு பங்கமா? மாமியார் என்ன சொல்வார்? அம்பாள் கோபித்துக்கொள்வாளோ?

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்ட அத்தையோ, நாகூரில் குழந்தைக்கு மந்திரித்து வந்த பாட்டியோ இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. ஆனால், அதைப்பற்றி நாம் சத்தமாகப் பேசுவதில்லை. அமெரிக்காவிலும் லண்டனிலும் இருக்கிற நம் பிள்ளைகளோ, நாலு மதத்துக்காரர்களோடு ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டு, நம்மிடம் கேள்வி கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறோம்.

சரியாக நூறு வருஷங்களுக்குக் கொஞ்சம் முன்னால், தாமிரபரணிச் சீமையில் ஒரு வீட்டில் இதே கேள்வி எழுந்தது. அந்த வீட்டுக்காரர் அதற்குத் தயங்கவே இல்லை. தயங்கித் தவித்தவள் அவருடைய மனைவி. அந்தப் பெண்மணியின் பெயர் செல்லம்மாள். கணவர்... மகாகவி சுப்பிரமணிய பாரதியார்!

தேசபக்திக் கவிஞர் என்றுதான் பாரதியாரை நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். சாக்த உபாசகர் என்பதை அவ்வளவாகச் சொல்லவில்லை. காளி, மாரி, கண்ணன், முருகன், விநாயகர் என்று அவர் பாடாத தெய்வம் இல்லை. மூச்சுக்கு மூச்சு பராசக்திதான். அப்படிப்பட்டவர், அல்லாவையும் ஏசுநாதரையும் பாடினாரே, எப்படி?

1882-ஆம் வருஷம் டிசம்பர் 11-ஆம் தேதி எட்டயபுரத்தில் பிறந்தவர் அவர். அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. தந்தை சின்னசாமி ஐயர், தாயார் லட்சுமி அம்மாள். ஐந்து வயதிலேயே தாயை இழந்துவிட்டார். பெற்ற தாயைப் பறிகொடுத்த அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் உலகையே தாயாகப் பார்த்தது என்று எனக்குத் தோன்றும்.

1894-ல் படிக்க வந்தது திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு. அந்த நாளைய நெல்லையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஊருக்கு நடுவே நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும். தாமிரபரணியைக் கடந்தால் பாளையங்கோட்டை. அங்கே தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து வந்து கிறிஸ்தவரான பிராமண விதவை குளோரிந்தா, 1785-ல் கட்டிய தேவாலயம். 1826-ல் எழும்பிய ஊசிக்கோபுர தேவாலயமும் அங்கேதான். மேலப்பாளையத்தில் முஸ்லிம் நெசவாளர் குடும்பங்கள். ஒரே ஆற்றுத் தண்ணீரைத்தான் எல்லோரும் குடித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இந்த ஜில்லாவில் கிராமம் கிராமமாகக் கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் ஏராளம். பல மதம் கலந்து வாழ்வதென்பது நம் அடுக்குமாடிக் குடியிருப்பில் நேற்று ஆரம்பித்த விஷயம் இல்லை!

1897-ல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 14 வயது. கடையத்துச் செல்லம்மாளுக்கு 7 வயது. மறுவருஷமே தந்தையும் போய்விட, காசியில் இருந்த அத்தை குப்பம்மாள் வீட்டுக்குப் போனார் பாரதி. அத்தையின் கணவர் கிருஷ்ண சிவன் ஆசாரசீலர். காசிக்குப் போன பிள்ளை குடுமியை எடுத்து, மீசை வைத்து, தலைப்பாகையும் கட்டிக்கொண்டால் அவர் எப்படிப் பொறுப்பார்? பந்தியில் கூட உட்கார விடாமல் ஒதுக்கி வைத்தாராம். ஒரு திருவாதிரை நாள். சிவன் மடத்தில் பூஜை வேளை நெருங்கிவிட்டது, ஓதுவாரைக் காணோம். திருவெம்பாவை பாட ஆளில்லை. அத்தை மெதுவாக மருமகனை முன்னால் தள்ளிவிட்டாள். மீசைக்காரப் பிள்ளை உருகி உருகிப் பாட, கிருஷ்ண சிவன் கண் கலங்கிப் போனார் என்று சொல்வார்கள். அன்றோடு அந்த வீட்டில் ஒதுக்கல் தீர்ந்தது. கோலத்தைப் பார்த்து பக்தியை அளக்கக் கூடாது என்று அந்தப் பெரியவருக்கு அன்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். 1905 டிசம்பரில் காசி காங்கிரசுக்குப் போன பாரதி, அந்த வடநாட்டுப் பயணத்தில் சகோதரி நிவேதிதையைச் சந்தித்தார். நிவேதிதை யார்? அயர்லாந்தில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, விவேகானந்தரின் சிஷ்யையாகி, கல்கத்தாவில் காளியைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர். முதல் சந்திப்பிலேயே, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்டாராம். பெண்களைப் பொது இடத்துக்கு அழைத்து வரும் வழக்கம் எங்களிடம் இல்லை என்று பாரதி சொன்னார். பாதி ஜனங்களை இருட்டில் வைத்துவிட்டு என்ன விடுதலை என்று நிவேதிதை திருப்பிக் கேட்க, பாரதி தலைகுனிந்தார். அன்று முதல் அவரையே குருவாக வரித்துக்கொண்டார். தம் நூல்களை அவருக்குக் காணிக்கையாக்கினார்.

கவனித்தீர்களா? ஸ்ரீகாளியின் பிள்ளைக்குக் குருவாக வாய்த்தவர், வேறொரு மதத்தில் பிறந்த வெள்ளைக்காரப் பெண். ஞானம் எந்தக் கதவு வழியாக வருகிறது என்று பார்த்து, கதவைச் சாத்துகிறவராக பாரதி இருந்திருந்தால், பெண்மையைப் போற்றும் அவருடைய பாடல்களில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்?

1908-ல் ஆங்கில அரசின் கைதுக்குத் தப்பி, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்குப் போனார். அங்கே பத்து வருஷம். 1910-ல் அரவிந்தர் வந்து சேர, இருவரும் வேதம் ஆராய்ந்தார்கள். பகவத்கீதையைத் தமிழாக்கினார். 1912-ல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் வெளிவந்தது. 1913-ல், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கம் என்ற இளைஞருக்குப் பூணூல் அணிவித்து, காயத்ரி உபதேசம் செய்தார். மதம் மாறிப் போகிறார்களே என்று மற்றவர்கள் புலம்பிக்கொண்டிருந்த காலம் அது. நம் வீட்டுக்குள் அவர்களை உட்கார வைக்காதது யார் குற்றம் என்று பாரதி திருப்பிக் கேட்டார். மதமாற்றத்தை அவர் விரும்பியவர் அல்ல. எல்லாம் ஒன்றுதான், எதுவானால் என்ன என்று கைகழுவுகிறவரும் அல்ல. இதை நாம் மறந்துவிடக் கூடாது.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதி, கடலூரில் கைதாகி, டிசம்பரில் விடுதலையாகி, நேரே வந்தது மனைவியின் ஊருக்கு. கடையம்!

அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் நடுவே, மலையடிவாரத்தில், ராமநதிக் கரையில் இருக்கிற ஊர். தாமிரபரணிக்குத் தண்ணீர் கொண்டு சேர்க்கிற மலையாறுகளில் ராமநதியும் ஒன்று. ஊரைத் தாண்டி மலைப் பக்கமாகப் போனால் வில்வவனநாதர் கோயில். அம்பாள் நித்ய கல்யாணி. இந்தச் சந்நிதிதான் பாரதியைப் பிடித்துக்கொண்டது. பொழுது புலர்ந்தால் கோயிலுக்குப் போய்விடுவார். பக்கத்துப் பாறையில் மணிக்கணக்காக உட்கார்ந்து பாடுவார் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். நித்ய கல்யாணி மீது அவர் பாடிய பாட்டு இன்றைக்கும் கச்சேரிகளில் ஒலிக்கிறது.

கோயிலில் உருகிவிட்டு ஊருக்குள் வந்தால்? அங்கேதான் சங்கடம். யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவார். சாதி பார்க்க மாட்டார். தெருவில் நின்ற கழுதைக் குட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்த கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அக்ரஹாரம் முகம் சுளித்தது. பேச்சுவார்த்தை குறைந்தது. பாரதிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால், செல்லம்மாளை நினைத்துப் பாருங்கள், சகோதரி! பிறந்த ஊர். கூடப் பிறந்தவர்கள் இருக்கிற தெரு. தங்கம்மாள், சகுந்தலா என்று இரண்டு பெண் குழந்தைகள். வீட்டில் அரிசி இருக்கிறதா இல்லையா என்பதே அவளுக்கு அன்றாடக் கவலை. இதில், ஊரார் வாய்க்கும் பதில் சொல்ல வேண்டும். கிணற்றடியில் அவள் காதில் என்னென்ன விழுந்திருக்கும் என்று ஒரு பெண்ணுக்குத்தான் புரியும். மகாகவியின் பெருமையைச் சொல்கிற நாம், அந்தப் பெருமைக்குக் கட்டணம் கட்டியவள் அவள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

கடையத்துக்குப் பக்கத்தில், சில கிலோமீட்டர் தூரத்தில் பொட்டல்புதூர். அங்கே முகைதீன் ஆண்டவர் தர்கா புகழ்பெற்றது. பாக்தாத் நகரத்து மகான் அப்துல் காதிர் ஜீலானியின் பெயரால் அமைந்தது. அவருடைய சமாதி இருப்பதோ பாக்தாத்தில்! கோயில் மாதிரியே தோற்றம் கொண்ட இந்த தர்காவுக்கு, சுற்று வட்டார இந்துக்களும் நேர்ந்துகொண்டு வருவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தர்காவுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கு முகைதீன் பெயரை ஒட்டிப் பெயர் வைத்த இந்துக் குடும்பங்களும் இந்தப் பக்கம் உண்டு.

1920 ஜூன் மாதம், பொட்டல்புதூர் முஸ்லிம்கள் கூடிய கூட்டத்துக்கு பாரதியை அழைத்தார்கள். நெற்றியில் குங்குமத்தோடு, கல்யாணியின் பக்தர் கிளம்பிப் போனார். இஸ்லாம் மார்க்கத்தின் மகிமை என்பதுதான் அன்று அவர் பேசிய விஷயம். கோடானுகோடி அண்டங்களைச் சுழல விட்டவனைப் போற்றும் அந்த அல்லா பாட்டை அங்கே பாடினார். பேச்சு, சுதேசமித்திரன் பத்திரிகையிலும் வெளிவந்தது.

தம் தெய்வத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனாரா? இல்லை. மறுநாள் காலையில் மறுபடி கல்யாணி சந்நிதிதான்.

இன்னொரு சம்பவம், அதே 1920-ல் நடந்தது. தென்காசி ரயில் நிலையத்தை வைத்து ஒரு கதை எழுதினார் பாரதி. மூன்று மனைவியரோடு திண்டாடுகிற ஒரு முஸ்லிம் வாலிபனின் கதை. அந்த மூவரும் கூடப் பிறந்த சகோதரிகள் என்று எழுதிவிட்டார். அதைப் படித்த ஒரு முஸ்லிம் நண்பர், மனைவி உயிரோடிருக்க அவள் சகோதரியை மணப்பது எங்கள் மார்க்கத்தில் கூடாது என்று எடுத்துச் சொன்னார். கவிச்சக்கரவர்த்தி என்ன செய்தார் தெரியுமா? கதைதானே என்று விட்டுவிடவில்லை. தாம் எழுதியது பிழை என்று ஒப்புக்கொண்டு, பத்திரிகையிலேயே திருத்தம் எழுதினார். மேடை ஏறி இன்னொரு மதத்தைப் புகழ்வது சுலபம். அந்த மதத்துக்காரர் சொல்லி நம் தவறைத் திருத்திக்கொள்வது அவ்வளவு சுலபம் இல்லை. என்னைக் கேட்டால், பொட்டல்புதூர் பேச்சைவிட இந்தச் சின்னத் திருத்தம்தான் பெரிது.

1920 நவம்பரில் கடையத்தை விட்டுச் சென்னைக்குக் கிளம்பினார்கள். திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதிப் பெருமாள் கோயில் பக்கத்திலேயே வீடு. கோயில் யானைக்குத் தேங்காய், பழம் கொடுக்கப் போய், அது தள்ளிவிட்டதும், குவளைக்கண்ணன் உள்ளே பாய்ந்து தூக்கி வந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அதில் இருந்து மீண்டாலும், சில மாதங்கள் கழித்து வயிற்றுக்கடுப்பு கண்டு, 1921 செப்டம்பர் 11-ஆம் தேதி நள்ளிரவு கடந்ததும் அம்பாளடி சேர்ந்தார். வயது 38 கூட முழுதாக நிரம்பியிருந்ததே தவிர, 39 ஆகவில்லை.

செல்லம்மாள் அதற்குப் பிறகும் 34 வருஷங்கள் வாழ்ந்தார். 1951-ல் திருச்சி வானொலியில், தம் கணவரைப் பற்றி உலகம் கேட்கப் பேசினார். பட்ட கஷ்டத்தை மறைக்கவில்லை. கட்டிய கணவரை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

நெல்லையில் இருந்து தென்காசி செல்லும் ரயிலில் கீழக்கடையம் நிறுத்தத்தில் இறங்கினால் ஊர் பக்கம்தான். இன்று அது தென்காசி மாவட்டம். நித்ய கல்யாணிக்கு ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு போய் தரிசனம் செய்யுங்கள். ஊருக்குள், 2022-ல் வைத்த சிலை ஒன்று இருக்கிறது. பாரதியாரும் செல்லம்மாளும் சேர்ந்து நிற்கிறார்கள். அவர் கை அவளுடைய தோள்மேல் இருக்கிறது. நேரம் இருந்தால் அப்படியே பொட்டல்புதூருக்கும் போய் வரலாம், பஸ் வசதி உண்டு.