ஹென்றி எட்வர்டு ஆம்ஸ்ட்ராங்

ஹென்றி எட்வர்டு ஆம்ஸ்ட்ராங் (மே 6, 1848 - ஜூலை 13, 1937) ஓர் ஆங்கிலேய வேதியியலாளரும் கல்வியாளரும் ஆவார். பள்ளி மாணவர்கள் வேதியியலை மனப்பாடம் செய்யாமல், தம் கைகளாலேயே சோதனை செய்து உண்மைகளைக் கண்டறிய வேண்டும் என்று வலியுறுத்தியவர். இவர் பரப்பிய கற்பித்தல் முறை கண்டறி முறை எனப்படுகிறது.

வாழ்க்கை

ஆம்ஸ்ட்ராங் இலண்டனை அடுத்த லூயிஷமில் பிறந்தார். 1865 இல் இலண்டன் ராயல் வேதியியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு எட்வர்டு பிராங்க்லாந்துடன் இணைந்து, கழிவு கலந்த குடிநீரைக் கண்டறியும் பகுப்பாய்வு முறையை உருவாக்கினார். பின்னர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஹெர்மன் கோல்பேயிடம் பயின்று 1869 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1876 இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1884 முதல் 1911 வரை இலண்டன் தென் கென்சிங்டனில் இருந்த மத்திய தொழில்நுட்ப நிறுவனத்தில் வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1893 முதல் 1895 வரை வேதியியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தார்.

ஆய்வுகள்

சாயத் தொழிலுக்கு அடிப்படையான நாப்தலீன் சேர்மங்களை வின் என்பவருடன் சேர்ந்து நீண்ட காலம் ஆராய்ந்தார். கோட்பாட்டின்படி இருக்கக்கூடிய 10 இருகுளோரோ நாப்தலீன்களையும் 14 முக்குளோரோ நாப்தலீன்களையும் இருவரும் தயாரித்துக் காட்டினர். 1911 இல் ஆம்ஸ்ட்ராங்குக்கு டேவி பதக்கம் வழங்கப்பட்டது.

கண்டறி முறை

அக்காலப் பள்ளிகளில் ஆசிரியர் மேசையில் செய்து காட்டுவதை மாணவர் பார்ப்பதும், வரையறைகளை ஒப்பிப்பதுமே வேதியியல் கல்வியாக இருந்தது. இதற்கு மாற்றாக ஒரு பாடத்திட்டத்தை ஆம்ஸ்ட்ராங் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் வழியாக 1889 இல் முன்வைத்தார். அதில் பாடம் வாய்பாடுகளில் தொடங்காது. அன்றாடம் காணும் பொருள் பற்றிய ஒரு கேள்வியில் தொடங்கும்.

இரும்பு துருப்பிடித்தல் அவற்றுள் ஒன்று. துருப்பிடித்த இரும்பை நிறுத்துப் பார்க்கும் மாணவர் எடை கூடியிருப்பதைக் காண்பர். கூடிய எடை எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. ஈரமான இரும்புத்தூளை, நீரின் மேல் கவிழ்த்த குடுவைக்குள் சில நாட்கள் தொங்கவிட்டால், நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயரம் ஏறி நிற்கும். எஞ்சிய காற்றில் எரியும் மெழுகுதிரி அணைந்துவிடும். காற்றின் ஒரு பகுதி மட்டுமே இரும்புடன் சேர்கிறது என்ற முடிவுக்கு மாணவரே வந்து சேர்வர். ஆக்சிஜன் என்ற பெயர் அதன் பின்னரே தேவைப்படும்.

சுண்ணக்கட்டி மற்றொன்று. 100 கிராம் தூய சுண்ணக்கட்டியை நன்கு சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதே அளவு சுண்ணக்கட்டியை அமிலத்தில் இட்டால் வெளியேறும் வளியின் எடையும் இழந்த அதே 44 கிராம் ஆகும். இரண்டிலும் வெளியேறுவது ஒரே பொருளாக இருக்கலாம் என்று ஊகித்து, மாணவர் அதை மேலும் சோதிப்பர்.

எடையிடுதலும், கண்டதை அப்போதே தம் சொற்களில் குறிப்பேட்டில் எழுதுதலும் இம்முறையின் இன்றியமையாத கூறுகள். கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்னும் பள்ளியின் ஆட்சிக்குழுவில் ஆம்ஸ்ட்ராங் இருந்தார். அப்பள்ளி 1902 இல் ஹார்ஷமுக்கு இடம் மாறியபோது, அங்கு இம்முறைக்கு ஏற்ற ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பட்டன. தம் கருத்துக்களை 1903 இல் நூலாகவும் வெளியிட்டார்.

விமர்சனங்கள்

எல்லாவற்றையும் மாணவரே கண்டறிய நேரம் போதாது, பெரிய வகுப்புகளில் நடத்த இயலாது, ஆசிரியரின் மறைமுகமான வழிகாட்டலின்றி மாணவர் முடிவை எட்டுவதில்லை என்ற குறைகள் கூறப்பட்டன. சோதனைச் சான்றையே போற்றிய ஆம்ஸ்ட்ராங், அர்ரீனியசின் அயனிக் கோட்பாட்டை இறுதிவரை ஏற்கவில்லை. உப்பின் படிக அமைப்பு பற்றிய பிராக்கின் முடிவையும் 1927 இல் கடுமையாக எதிர்த்தார். இவ்விரண்டிலும் அவர் கருத்து பிழையென நிறுவப்பட்டது.

தாக்கம்

பள்ளிகளில் மாணவர்க்கென ஆய்வுக்கூடம் தேவை என்ற கருத்து வலுப்பெற ஆம்ஸ்ட்ராங்கின் இயக்கம் உதவியது. 1960களில் பிரித்தானியாவில் தொடங்கிய நஃபீல்டு அறிவியல் கல்வித் திட்டம் கண்டறிந்து கற்றலுக்கு மீண்டும் முதன்மை அளித்தது. தமிழ்நாட்டின் ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்களிலும் கண்டறி முறை இவர் பெயருடன் கற்பிக்கப்படுகிறது.