லித்தியம் கண்ட டாக்டர் ஜான் கேட்

ராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் பார்க்க ஆண்டுதோறும் என் மாமாவுடன் செல்வது வழக்கம். பஸ் ஏறுமுன்பே அவர் கையில் தண்ணீர்க் குடுவை இருக்கும். பல்லாண்டுகளாக மனநோய்க்கு லித்தியம் மாத்திரை உண்பவர் அவர். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று யாரோ கூறக் கேட்டு, சென்ற ஆண்டு மாத்திரையை நிறுத்திவிட எண்ணினார். அப்போதுதான் அம்மருந்தைக் கண்டவரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

டாக்டர் ஜான் கேட் 1912-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தார். தந்தை மனநோய் மருத்துவமனைகளில் பணிபுரிந்தவர். ஆகவே மகன் நோயாளிகளின் நடுவிலேயே வளர்ந்தார். தாமும் மருத்துவரானார். இரண்டாம் உலகப் போரில் 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது கைதாகி, மூன்றாண்டுகளுக்கு மேல் சாங்கி முகாமில் துன்புற்றார்.

விடுதலைக்குப்பின் மெல்போர்ன் அருகே பண்டூரா மருத்துவமனையில், பயன்படாது கிடந்த ஒரு பண்டக அறையே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. லித்தியம் உப்பைச் செலுத்தியதும் கினிப் பன்றிகள் அமைதியடைவதைக் கண்டார். முதலில் தாமே உண்டு பார்த்தார். 1948-இல் நோயாளிகளுக்குத் தந்தார். மனக்கிளர்ச்சி மிகுந்திருந்த பத்துப் பேரிடம் நற்பலன் தெரிந்தது. 1949 செப்டம்பரில் அதனை வெளியிட்டார்.

முதல் நோயாளி தேறி வேலைக்கும் திரும்பினார். பின் மாத்திரையை நிறுத்தினார்; நோய் மீண்டது. மறுபடியும் மருந்து தரப்பட்டது. உடலில் லித்தியம் நஞ்சாகி 1950-இல் அவர் இறந்தார். மனம் நொந்த கேட் சில காலம் அம்மருந்தையே கைவிட்டார். இரத்தத்தில் அதன் அளவைக் கணிக்கும் முறை வந்தபின், டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூ போன்றோரின் ஆய்வுகளால் அது மீண்டும் நிலைபெற்றது. கேட் 1980-இல் காலமானார்.

லித்தியம் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. நீரைத் தேக்கும் ஆற்றல் குறைவதால் தாகமும் சிறுநீரும் மிகும். பல்லாண்டு உண்போரில் சிலருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறனும் மெல்லக் குறையும். வெயிலில் உடலின் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். சில வலி மாத்திரைகளும் அதை ஏற்றும். ஆகவே மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை லித்தியம் அளவையும் கிரியாட்டினினையும் சோதிக்க வேண்டும். அதைப் பார்த்து அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் மருத்துவரின் பொறுப்பு. அவரைக் கேளாமல் நாமே நிறுத்துவது, அந்த முதல் நோயாளி கண்ட ஆபத்தில் நம்மையும் தள்ளும்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். அவர் மருத்துவரிடம் சென்று இரத்தம் கொடுத்தார். மாத்திரையின் அளவு குறைக்கப்பட்டது. இவ்வாண்டும் தேர் பார்த்து வந்தோம். தண்ணீர்க் குடுவையை நான் சுமந்தேன்.