சேர் கே. எஸ். கிருஷ்ணன்

வெயிலின் வெம்மையை மன்னார்த் தீவினருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நண்பகலில் உச்சிவெயிலிற் கிடக்கும் இரும்பைத் தொட்டால் கை சுடுகின்றது. அதனருகிற் கிடக்கும் பனங்குற்றி அவ்வளவு சுடுவதில்லை. பொருள்களினூடே வெப்பம் பாயும் இவ்வேற்றுமையை நுண்ணிதின் ஆராய்ந்த பௌதிக அறிஞருள் ஒருவர், நமது குடாக்கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலே தோன்றிய சேர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் ஆவார்.

அவர் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வத்திராயிருப்பு என்னும் ஊரிற் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்தரப் பாடசாலையிலும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கற்றபின், கல்கத்தா சென்று சேர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்றார். 1928இற் கண்டறியப்பெற்ற இராமன் விளைவில் அவரது உழைப்பும் பெரிது. எனினும், 1930ஆம் ஆண்டு நோபற் பரிசு இராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. கிருஷ்ணனோ அதற்கு முன்னரே டாக்காப் பல்கலைக்கழகஞ் சென்று வேறொரு துறையிற் புகுந்திருந்தார்.

ஆங்கு அவர் கையாண்ட முறை எளியது. சிறு பளிங்கொன்றை மெல்லிய இழையிலே தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் நிறுத்துவார். இழை முறுகும் அளவைக்கொண்டே பளிங்கின் காந்தவியல்பு திசைதோறும் வேறுபடுமாற்றைக் கணித்தறிந்தார். 1940இல் இலண்டன் இரோயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

1947இல் தில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநரானார். பதவிக்கடன்கள் பலவாயினும் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். 1950களில் எஸ். சி. ஜெயின் என்பாருடன், மின்னாற் சூடேற்றப்பட்ட மெல்லிய கோல்களில் வெப்பநிலை பரவும் முறையை ஆராய்ந்தார். கோல் வெற்றிடத்தில் இருப்பதால் வெப்பத்தைக் கொண்டுசெல்லக் காற்றில்லை. வெப்பத்துக்கு இரண்டே வழிகள் உண்டு: மேற்பரப்பினின்று கதிராய் வீசுதல், கோல்வழியே குளிர்ந்த முனைகளுக்குப் பாய்தல். ஆதலின் நடுப்பகுதி மிகச் சூடாகவும், முனைகளை நோக்கி வெப்பநிலை தாழ்ந்தும் இருக்கும். அங்ஙனம் தாழும் முறையை ஆராய்ந்தால், அப்பொருள் வெப்பத்தைக் கடத்துந் திறனை அறியலாம். செந்தழலாய் ஒளிரும் சிறு கோலைக் கருவியாற் சென்று தொட்டால், அக்கருவியே வெப்பத்தைக் கவர்ந்து அளவைக் கெடுத்துவிடும். கணிதமும் கூர்ந்த நோக்கும் அவ்விடரைக் கடக்க உதவின.

1958இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பட்நாகர் பரிசு அவரைச் சேர்ந்தது. தமிழிலும் வடமொழியிலும் புலமை மிக்க அவர், விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழிலும் எழுதினார். 1961ஆம் ஆண்டு தில்லியிற் காலமானார்.

நல்ல கருவிகள் இல்லாமையால் விஞ்ஞானம் நமக்கு எட்டாது என மனந்தளரும் மாணவர் இன்றும் உளர். கம்பியொன்றில் மெழுகுத் துளிகளை ஒட்டி, ஒரு முனையைச் சூடேற்றி, அவை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்வதை நோக்குதல் எந்தப் பாடசாலையிலும் இயல்வதே. கிருஷ்ணன் ஆராய்ந்த பொருளின் முதற்பாடம் அதுவே. கருவிகள் வேண்டாம் என்பதன்று. அவை வருமளவும் கண்ணையும் கருத்தையும் மூடியிருத்தல் ஆகாது என்பதே அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.