எம்.ஆர்.ராதாவின் கைத்துப்பாக்கி: செங்கல்பட்டு கோர்ட்டு வரை வந்தது எப்படி?

பொத்தேரி வழியாக ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் செங்கல்பட்டு. 1967-ல் தமிழ்நாடே இந்த ஊர் செஷன்ஸ் கோர்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கூண்டில் நின்றவர் நடிகவேள் எம்.ஆர்.ராதா. சுடப்பட்டவர் எம்.ஜி.ஆர். தற்காப்புக்கு என்று வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன ஆயுதம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு, நம்ம ஊரில் இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

யார் இந்த ராதா?

1907 ஏப்ரல் 14-ல் சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர். முழுப்பெயர் மெட்ராஸ் ராஜகோபாலன் ராதாகிருஷ்ணன். அப்பா ராணுவத்தில் இருந்தவர், முதல் உலகப் போரில் இறந்துபோனார். சின்ன வயதிலேயே வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பிய ராதா, நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடப் படிப்பு பெரிதாக இல்லை. மேடைதான் படிப்பு, மேடைதான் சோறு.

1937-ல் 'ராஜசேகரன்' படத்தில் தலைகாட்டினார். ஆனாலும் சினிமாவைவிட நாடகம்தான் அவருக்குப் பெரிசு. பெரியாரின் கொள்கையை ஏற்றபிறகு மேடையையே பிரசாரக் களம் ஆக்கிட்டார். திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' ஊர் ஊராக ஓடியது. 1954-ல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாகவும் வந்தது. அந்த மோகனசுந்தரத்தை இன்னைக்கும் ஜனங்கள் மறக்கவில்லை.

ராதா பயந்த ஆளா?

இல்லை. ராமாயணத்தைக் கிண்டல் செய்து நாடகம் போட்டவர். எதிர்ப்பு, தடை, கைது எல்லாம் அவருக்குப் பழகிப்போன விஷயம். 1954-ல் வந்த நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமே ராதாவை மனதில் வைத்துத்தான் வந்தது என்று பேசப்பட்டது. இப்படி வாழ்ந்த மனிதர் கைத்துப்பாக்கி வைத்திருந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் கவனியுங்கள், எதிர்ப்பாளர்கள் கூட்டமாக வந்து நின்ற காலத்தில் அவரைக் காப்பாற்றியது துப்பாக்கி இல்லை. வாயும் துணிச்சலும்தான். துப்பாக்கி பேசியது பிற்பாடு, அதுவும் கூட நடித்த ஒருவரிடம்.

ராமாவரத்தில் என்ன நடந்தது?

எம்.ஜி.ஆரும் ராதாவும் 'நல்லவன் வாழ்வான்', 'பெரிய இடத்துப் பெண்', 'பெற்றால்தான் பிள்ளையா' என்று பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். ஆனால் 1967 தேர்தல் நெருங்கியபோது இருவரும் எதிரெதிர் அணி. எம்.ஜி.ஆர் தி.மு.க. வேட்பாளர். பெரியார் வழியில் ராதா காமராஜர் பக்கம்.

1967 ஜனவரி 12, பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி. மாலையில் தயாரிப்பாளர் வாசுவோடு ராமாவரம் தோட்டத்துக்குப் போனார் ராதா. பேச்சுக்கு நடுவே துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆருக்கு இடது காதருகே குண்டு பாய்ந்தது. அதே துப்பாக்கியால் ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரையும் ராயப்பேட்டை மருத்துவமனைக்கும், பிறகு சென்னை பொது மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். இருவருமே பிழைத்தார்கள்.

அவ்வளவு பக்கத்தில் சுட்டும் உயிர் எப்படித் தப்பியது? தோட்டாக்கள் பழசு, வேகம் குறைந்திருந்தது என்ற விளக்கம் அந்தக் காலம் தொட்டே சொல்லப்படுகிறது. நடக்கக்கூடியதுதான். வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும் தோட்டாவில் ஈரம் இறங்கினால் மருந்தின் சக்தி குறையும்.

செங்கல்பட்டுக்கு ஏன் வந்தது வழக்கு?

ராமாவரம் அப்போது சென்னை நகரத்துக்குள் இல்லை, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதனால்தான் விசாரணை செங்கல்பட்டில். எம்.ஜி.ஆரைக் கொல்ல முயன்றார், தற்கொலைக்கும் முயன்றார் என்பது ராதா மேல் இருந்த குற்றச்சாட்டு. எம்.ஜி.ஆர்தான் முதலில் சுட்டார் என்பது ராதா தரப்பு வாதம். வாசுவின் நேரடி சாட்சியம் அரசுத் தரப்புக்குப் பலமாக அமைந்தது. 1967 நவம்பர் 4-ல் நீதிபதி லட்சுமணன் ராதாவுக்கு 7 ஆண்டு கடுங்காவல் விதித்தார். பின்னால் உச்ச நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. எப்படியும் 4 ஆண்டுக்கு மேல் சிறையில் கழிந்தது.

மறைத்து வைக்கும் துப்பாக்கியில் என்ன ஆபத்து?

அமெரிக்கப் போலீஸ்காரர்கள் சிலர் இடுப்பில் ஒரு துப்பாக்கி, கணுக்காலில் இன்னொரு குட்டி ரிவால்வர் என்று வைத்திருப்பார்கள். முதல் துப்பாக்கி கைவிட்டால் இரண்டாவது உதவும் என்ற கணக்கு. பெரும்பாலான ரிவால்வர்களில் தனியாகப் பூட்டு கிடையாது. விசையை அழுத்தினால் வெடிக்கும். அவசரத்துக்கு அதுதான் வசதி. கோபத்துக்கும் அதே வசதிதான்! கையில் ஒன்றும் இல்லாதவன் கோபப்பட்டால் கத்துவான், அதிகம் போனால் கை ஓங்குவான். துப்பாக்கி இருந்தால் யோசிக்க ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது.

நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது, 2019 திருத்தத்தில் 2 ஆகக் குறைந்தது. ஆனா, உரிமம் பார்ப்பது ஆளையும் காரணத்தையும்தான். அந்த ஆள் என்றைக்கு, யாரிடம் கோபப்படுவார் என்று எந்த உரிமமும் சொல்லாது.

அதன்பிறகு?

எம்.ஜி.ஆர் மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். கழுத்தில் கட்டோடு இருந்த அவர் படம் சுவரொட்டியாக ஊரெங்கும் போனது. அண்ணா முதல்வர் ஆனார். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழையபடி திரும்பவே இல்லை. அந்த மாறிய குரலோடுதான் கடைசிவரை நடித்தார், கட்சி தொடங்கினார், 1977-ல் முதல்வரும் ஆனார்.

ராதாவுக்குச் சிறைக்குப் பிறகும் மேடை இருந்தது, சில படங்களும் வந்தன. ஆனால் நாற்பது வருஷ நடிப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலும், இரண்டாவது வாக்கியத்தில் துப்பாக்கி வந்துவிடும். 1979 செப்டம்பர் 17-ல் திருச்சியில் இறந்தார். பெரியார் பிறந்து சரியாக 100 வருஷம் நிறைந்த நாள் அது. அப்போது முதல்வர் நாற்காலியில் இருந்தவர், அன்று குண்டு பாய்ந்தும் பிழைத்த அதே எம்.ஜி.ஆர்.