நிபந்தனை போட்டு மணந்த ஆனக்கரை அம்மு

பாலக்காடு மாவட்டத்தில், பாரதப்புழா ஓடும் பகுதியில் ஆனக்கரை என்று ஓர் ஊர் உண்டு. அங்கே பேர் பெற்ற நாயர் தறவாடு வடக்கத்து வீடு. அந்த வீட்டில் 1894-ம் ஆண்டு பிறந்தவர் அம்மு. 13 குழந்தைகளில் கடைக்குட்டி. நேதாஜியின் ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியின் தாயார் என்றால் பலருக்கும் சட்டென்று விளங்கும்.

தந்தை கோவிந்த மேனன், அம்மு சிறுமியாக இருந்தபோதே காலமானார். குடும்பப் பொறுப்பு தாயின் தலையில் விழுந்தது. அந்நாளில் நாயர் குடும்பங்களில் சொத்து தாய்வழியில் வந்தது. ஆகவே வீட்டில் பெண்ணுக்கு மதிப்பு இருந்தது. படிப்பு என்று வந்தால் மட்டும் கதை வேறு! ஆண் பிள்ளைகள் வெளியூர் சென்று படித்தார்கள். அம்மு பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. கொஞ்சம் மலையாளம், சமையல், வீட்டு வேலை, கற்றது அவ்வளவுதான்.

தேடி வந்த வக்கீல்

கோவிந்த மேனன் முன்பு ஓர் ஏழை மாணவருக்கு உதவியிருந்தார். பாலக்காட்டுத் தமிழ் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த அவர் பெயர் சுப்பராம சுவாமிநாதன். வெளிநாடு சென்று சட்டம் படித்து, சென்னையில் வக்கீலாகக் காலூன்றிய பிறகு, நன்றி மறக்காமல் ஆனக்கரைக்கு வந்தார். தமக்கு உதவியவரின் மகளை மணக்க எண்ணம். மற்றப் பெண்களுக்கெல்லாம் கல்யாணம் முடிந்துவிட்டது. மிச்சம் அம்மு ஒருத்திதான். அவரோ 20 வயதுக்கு மேல் மூத்தவர்.

பெரியவர்கள் பேசி முடிக்கும் காலம் அது. ஆனால் பெண்ணே நேரில் பேசினாள். மணக்கச் சம்மதம், ஆனால் நிபந்தனைகள் உண்டு. கிராமத்தில் இருக்கமாட்டாள், பட்டணத்தில் குடிவைக்க வேண்டும். ஆங்கில மாது ஒருவரை அமர்த்தி ஆங்கிலம் கற்பிக்க வேண்டும். வெளியே போனால் எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அண்ணன்மாரை அப்படி யாரும் கேட்டு அவள் பார்த்ததில்லை! இன்றைக்கும் பல வீடுகளில் கேட்கத் துணியாத நிபந்தனை இது. சுவாமிநாதன் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார்.

தாழ்வாரத்தில் சாப்பாடு

அந்நாளில் மலபாரில் பிராமணர் நாயர் பெண்ணோடு 'சம்பந்தம்' வைத்துக்கொள்வது வழக்கம். சாஸ்திரப்படி மனைவியாக ஏற்பதில்லை. பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன் வீட்டில் உரிமையும் கிடையாது. சுவாமிநாதன் அந்த வழிக்குப் போகவில்லை. 1908-ல் முறையாகவே மணந்தார். பிறகு இலண்டனில் பதிவும் செய்துகொண்டார்.

உறவினர் விடுவார்களா? கணவருடைய பூர்வீக வீட்டுக்குப் போனபோது, அம்முவைப் பந்தியில் சேர்க்காமல் தாழ்வாரத்தில் தனியே உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். அந்த அவமானம் உள்ளே தைத்தது. சாதி வேற்றுமையை அவர் கடைசிவரை விட்டுவைக்கவில்லை.

சென்னையில் சொன்ன வாக்கு காப்பாற்றப்பட்டது. ஆசிரியை வந்தார். ஆனக்கரைச் சிறுமி சில ஆண்டுகளில் சரளமாக ஆங்கிலம் பேசினார். கோவிந்த், லட்சுமி, சுப்பராம், மிருணாளினி என்று நான்கு குழந்தைகள். மிருணாளினி பின்னாளில் நாட்டியத்தில் உலகப் புகழ் பெற்றார். மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதி என்ற பேச்சே அந்த வீட்டில் இல்லை.

1917-ல் அடையாற்றில் அன்னி பெசன்ட் முதலானோருடன் இந்திய மாதர் சங்கம் தொடங்குவதில் பங்கு கொண்டார். 1942 போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் சென்னையின் பிரதிநிதியாக அமர்ந்து, பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும் என்று பேசினார். 1952-ல் திண்டுக்கல் வாக்காளர்கள் அவரை லோக்சபைக்கு அனுப்பினார்கள். 1978-ல் காலமானார்.