நயின் சிங் ராவத்: 25 லட்சம் காலடிகளை எண்ணியே திபெத்தை அளந்த பள்ளி வாத்தியார்

ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருக்கும் பலருக்கு 10,000 ஸ்டெப்ஸ் என்பது தினசரி டார்கெட். 160 வருடங்களுக்கு முன்னால் ஒருவர் இதே கணக்கை ஜபமாலையில் வைத்திருந்தார். 100 காலடிக்கு ஒரு மணி. மாலை ஒரு சுற்று வந்தால் 10,000 காலடி, அதாவது சுமார் 5 மைல். எண்ணிக்கை பிசகினால் மேப் தப்பாகிவிடும். எண்ணுவது வெளியே தெரிந்தால் உயிரே போகலாம்.

யார் இந்த நயின் சிங்?

இன்றைய உத்தராகண்டில், திபெத் எல்லையை ஒட்டிய ஜோஹார் பள்ளத்தாக்கில் மிலம் என்ற கிராமம். 1830ல் அங்கே பிறந்தவர் நயின் சிங் ராவத். கோடை வந்தால் கணவாய் தாண்டி திபெத்துக்குப் போய் வியாபாரம் செய்வதுதான் ஊர்க்காரர்களின் பிழைப்பு. அதனால் திபெத்திய மொழி அவருக்குப் பழக்கம். 1850களில் ஜெர்மனியின் ஷ்லாகின்ட்வைட் சகோதரர்களோடு மலைப்பயணம் போய் அளவைக் கருவிகளைக் கற்றுக்கொண்டார். பிறகு சொந்த ஊரில் வாத்தியார் வேலை. பண்டிட் என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

1802ல் சென்னை பரங்கிமலை பக்கத்தில் தொடங்கிய பிரிட்டிஷாரின் முக்கோணவியல் நில அளவை, வடக்கே போய் இமயமலையில் முட்டி நின்றது. திபெத்துக்குள் வெள்ளைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. பார்த்தால் அந்த ஊர்க்காரர் போலவே இருக்கும் ஆட்களை அனுப்பலாம் என்று கேப்டன் மாண்ட்கோமெரி யோசித்தார். 1863ல் நயின் சிங்கும் உறவுக்காரர் மணி சிங்கும் டேராடூனில் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள்.

பயிற்சியில் முக்கியமான பாடம், நடப்பது! மேடோ பள்ளமோ, ஒவ்வொரு காலடியும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒரு மைலுக்கு சுமார் 2,000 காலடி. வழக்கமான ஜபமாலையில் 108 மணி, இவருடையதில் 100. பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத் தாளுக்குப் பதில் குறிப்புகள். நட்சத்திரங்களின் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்ட், பெட்டியின் ரகசிய அடித்தட்டில். அதற்குத் தேவையான பாதரசம் சோழிக்குள்.

உயரத்தை எப்படி அளந்தார்? வெந்நீர் வைத்துத்தான். மேலே போகப் போக காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். லாசாவில் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். டீ போடுவது போலத் தெரியும், உள்ளே தெர்மாமீட்டர் இருக்கும்.

லாசாவில் மூன்று மாதம்

1865ல் நேபாளம் வழியாகக் கிளம்பினார்கள். மணி சிங் பாதியில் திரும்பிவிட்டார். நயின் சிங் வியாபாரி வேடத்தில் 1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தார். கையில் காசு தீர்ந்துபோய், நேபாள வியாபாரிகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துச் சமாளித்தார். சிறுவனாக இருந்த தலாய் லாமாவையும் பார்த்தார்.

பயம் வந்தது அதற்குப் பிறகு. அனுமதியில்லாமல் ஊருக்குள் வந்த ஒருவரின் தலையை வெட்டுவதை நேரில் பார்த்தார். உடனே தங்கும் இடத்தை மாற்றினார், வெளியே வருவதையும் குறைத்தார். காஷ்மீர் வியாபாரிகள் இருவர் இவர் யார் என்று கண்டுபிடித்தும் காட்டிக்கொடுக்கவில்லை. ஊர் திரும்பும்போது நடந்திருந்தது சுமார் 1,200 மைல், அதாவது 25 லட்சம் காலடி.

இதை வெறும் சாகசம் என்று சொல்வது பாதிக் கதைதான். அவர் செய்தது உளவு வேலை. தலைமுறைகளாகத் தன் ஊரோடு வியாபாரம் செய்தவர்களைத்தான் ஏமாற்ற வேண்டியிருந்தது. மாட்டியிருந்தால் தண்டனை அவருக்கு. மேப் போனது பிரிட்டிஷாருக்கு.

1867ல் மேற்கு திபெத்தின் தோக் ஜாலுங் தங்கச் சுரங்கங்களைத் தேடிப் போனார். கடைசிப் பெரும் பயணம் 1874ல், லே நகரிலிருந்து. இந்த முறை லாமா வேடம், சுமை தூக்க 26 செம்மறியாடுகள். கடைசிவரை தாக்குப்பிடித்தவை நாலைந்துதான். லாசாவில் இரண்டே நாள் தங்கிவிட்டு, தவாங் வழியாக 1875 மார்ச்சில் அசாமில் இறங்கினார். உடம்பும் கண்பார்வையும் கெட்டுப்போயிருந்தன. அதன்பிறகு புதிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைதான்.

அதுவரை அறிக்கைகளில் அவர் வெறும் பண்டிட்தான், பெயர் ரகசியம். 1877ல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1882ல் இறந்தார். 22 வருடம் கழித்து பிரிட்டிஷ் படை லாசாவுக்குள் நுழைந்தது. இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 2004ல்.

1962 போரோடு திபெத் வியாபாரம் நின்றுபோக, மிலமும் கிட்டத்தட்ட காலியானது. முன்சியாரியிலிருந்து மிலம் பனியாறு ட்ரெக் போகிறவர்கள் இப்போது அந்த இடிந்த கல் வீடுகளைத் தாண்டித்தான் நடக்கிறார்கள்.